கட்டைவிரல்

எடைமேடையில் லோரி ஏறும்போது
திரையில் எண்கள் கொஞ்சம் தடுமாறி நிற்கும்.
நிறைவண்டி, வெறும் வண்டி, கழித்தால் செம்பனைக் குலை.
பதினெட்டு வருஷமாக அதுதான் என் கணக்கு.
எடையே இல்லாமல் இருக்கும் ஆசை
நாற்பத்தொரு வயதில் எப்படி வந்தது என்றால்
காட்ட ரசீது இல்லை.

ஆலை கூட்டிப்போன தீவுப் பயணத்தில்
எல்லாரும் மீன் பார்த்தார்கள்.
நான் பாறைக்கடியில்
மீன் நுழைந்து போன இருட்டைப் பார்த்தேன்.

சுஹைலாவுக்கு இருபத்தாறு வயது.
குகைக்குள் முங்கக் கற்றுத் தருகிறவள்
முதல் பாடத்துக்குத் தண்ணீரே வைக்கவில்லை.
சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைக் காட்டில்,
மரத்துக்கு மரம் வெள்ளை நூல் கட்டி
என் கண்ணாடியைக் கறுப்பு டேப்பால் மூடினாள்.
இடக்கை விரல்களை வளையமாக்கு,
நூலை உள்ளே விட்டு நட. இறுக்காதே, விடாதே.
நூலில் கோத்த பிளாஸ்டிக் அம்பைத் தடவிப் பார்:
அதன் முனை எப்போதும் வாசல் பக்கம்.
ஆறாவது மரத்தில் தோளில் முள்.
ஒன்பதாவதில் வாய்க்காலுக்குள் இடுப்பு வரை.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு பையன்,
"அக்கா, என்னா தொலைச்சிட்டீங்க?"
"கண்ணைத்தான்லா" என்றேன். நூலை விடவில்லை.

பிறகு பழைய ஈயக்குட்டையில் ஏழு சனிக்கிழமை.
ஏறாமல் இறங்காமல், தவளை மாதிரி உதைத்து,
ஒரே உயரத்தில் கிடக்கப் பழகுவது.
ஒரு தப்பு உதைக்கு
அடிச்சேறு எழுந்து குட்டை முழுக்கத் தே தாரிக்.
சுஹைலா டார்ச்சால் பின்பக்கம் காட்டினாள்:
திரும்பிப் பார், இது நீ செய்தது.

விளக்கு மூன்று. ஒன்று கெட்டால் ஒன்று,
அதுவும் கெட்டால் ஒன்று.
சிலிண்டர் விலாவுக்கு ஒன்றாக இரண்டு.
கூட்டுச் சீட்டில் எடுத்த பணம் அதிலேயே முங்கியது.
காற்றை மூன்றாகப் பிரி என்றாள்.
போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு;
மூன்றாவது உன்னுடையது அல்ல,
கூட வருகிறவருக்கு மூச்சு தீர்ந்தால் அவருடையது.

அப்புறம் அந்த விதி.
யாரும், எப்போதும், எதற்காகவும்
கட்டைவிரலை உயர்த்தினால் முக்குளிப்பு முடிந்தது.
ஏன் என்று கேட்கக் கூடாது. கரையிலும்.
நான் எழுதுவதை நிறுத்தினேன்.
அப்பா இறந்த மூன்று நாள் விடுப்புக்கு
இறப்புப் பத்திரம் இரண்டு நகல் கேட்ட இடத்தில்
வேலை செய்கிறவள் நான்.
"எதற்காகவுமா?"
"எதற்காகவும்."

எஸ்டேட் எல்லையில், சுண்ணாம்புக் குன்றின் அடியில்
ஓர் அறை அகலத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
முன்னால் சுஹைலா, நடுவில் நான்,
பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் போ செங்.
பதினோராவது நிமிஷம்.
காற்று சரி. விளக்கு சரி. நூல் சரி.
கூரையில் எங்கள் மூச்சுக் குமிழிகள்
பாதரசம்போல் வழி தேடி ஓடின.
எதுவும் தப்பாக இல்லை.
உள்ளே மட்டும், லோரி ஏறுவதற்கு முன்பே
எண்கள் தடுமாறின.

வெளிச்சத்துக்குள் கையை நீட்டி விரலை உயர்த்தினேன்.
சுஹைலா தன் விரலை உயர்த்தினாள்.
போ செங் உயர்த்தினார்.
திரும்பினோம்.

கரையில் போ செங் நாசி லெமாக் பொட்டலம் பிரித்து
சம்பலில் காரம் போதாது என்றார்.
சுஹைலா ஈரநூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்,
பதில்கூட ஒன்று தயார் செய்து.
அது சோற்றோடு உள்ளே போயிற்று.

திங்கட்கிழமை, ஆலை வாசலில் வருகைக் கருவி
என் கட்டைவிரலை ஏற்க மறுத்தது.
பாறை கீறிய கோடு, ரேகைக்குக் குறுக்கே.
மீண்டும் வைக்கவும். மீண்டும் வைக்கவும்.
பின்னால் வரிசை.
"என்னா ஆச்சு, அமிர்தா?" என்றார்
சூப்பர்வைசர் பரஞ்சோதி, தூரத்திலிருந்து.
விரலை உயர்த்திக் காட்டினேன்.
எல்லாம் நல்லபடி என்று நினைத்துக்கொண்டு
அவரும் தன் விரலை உயர்த்தினார்.